1979 கதையில் விட்டுப்போன நிமிடங்கள்

ராக்கெட் தோல்வி என்றால் தமிழில் நமக்குத் தெரிந்தது ஒரே கதைதான். 1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்.எல்.வி-3 வங்கக்கடலில் விழுந்தது. இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் பத்திரிகையாளர்கள் முன் தானே பொறுப்பேற்றார். 1980 ஜூலை 18-ல் ஜெயித்தபோது, திட்டத் தலைவர் அப்துல் கலாமைப் பேசச் சொன்னார். பள்ளி ஆண்டுவிழா, மேனேஜ்மென்ட் வகுப்பு, வாட்ஸ்அப் என்று எங்கும் இதுதான் ஓடுகிறது. நல்ல கதைதான். ஆனா பாதிக் கதை என்பதுதான் என் புகார்.

மீதிப் பாதியையும் கலாமே மேடைகளில் சொல்லியிருக்கிறார். ஏவுவதற்குச் சில நிமிடங்கள் இருக்கும்போது கம்ப்யூட்டர் வேலையை நிறுத்திவிட்டது. கட்டுப்பாட்டு அமைப்பில் ஏதோ சரியில்லை என்று காட்டியது. கூட இருந்த நிபுணர்கள் கவலை வேண்டாம் என்றார்கள். அவர் கம்ப்யூட்டரை மீறி ஏவினார். இரண்டாம் கட்டத்தில் கட்டுப்பாடு போச்சு. மறுபடி சொல்கிறவர்கள் பிரஸ்மீட்டை வைத்துக்கொண்டு, இந்த நிமிடங்களை விட்டுவிடுகிறார்கள்.

அடுத்து 2001 மார்ச் 28. அதே ஸ்ரீஹரிகோட்டா, முதல் ஜி.எஸ்.எல்.வி. அதன் நடுவில் திட எரிபொருள். பற்றவைத்தால் அணைக்க முடியாது. அதனால் பக்கத்திலுள்ள நான்கு திரவ எரிபொருள் இன்ஜின்களை 4.8 வினாடி முன்னதாகவே ஓடவிட்டுப் பார்ப்பார்கள். அன்று ஒன்றுக்குப் போதிய உந்துவிசை வரவில்லை. கிளம்ப ஒரு வினாடி இருக்கும்போது கம்ப்யூட்டர் நிறுத்தியது. இந்த முறை யாரும் மீறவில்லை. ஏப்ரல் 18 அன்று அதே ராக்கெட் பறந்தது.

2006 ஜூலை 10-ல் அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை. இன்சாட்-4சி செயற்கைக்கோளோடு கிளம்பிய ஜி.எஸ்.எல்.வி-எஃப்02-ல், தரையை விட்ட 0.2 வினாடியில் ஒரு பக்க இன்ஜின் விசையை இழந்தது. சின்ன விமானத்தில் ஏறும்போது இன்ஜின் நின்றால், மூக்கைத் தாழ்த்தி எதிரே கிடைத்த இடத்தில் இறக்கப் பார்க்கலாம்; இறக்கை தாங்கும். ராக்கெட்டுக்கு அந்த வழி கிடையாது. ஐம்பது வினாடிக்கு மேல் மற்ற இன்ஜின்கள் இழுத்துப் பிடித்தன, பிறகு உடைந்து கடலில் விழுந்தது. விசாரணைக் குழு கண்டுபிடித்த காரணம்: இன்ஜினின் கேஸ் ஜெனரேட்டருக்குப் போகும் எரிபொருளை அளந்துவிடும் ரெகுலேட்டர் ஒன்றின் தயாரிப்பில் பிழை, பரிசோதனையிலும் அது தப்பிவிட்டது. வடிவமைப்பில் குறை இல்லை.

இந்தக் கதையை யாரும் மேடையில் சொல்வதில்லை. இதில் பெருந்தன்மையான தலைவர் இல்லை, கைதட்ட இடமும் இல்லை. ஒரு பாகம், அதைச் சோதித்த ஒரு மேசை, அவ்வளவுதான்.

பழவேற்காட்டில் லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து பார்த்தால் ஸ்ரீஹரிகோட்டா வடக்கே பக்கம்தான். ராக்கெட் ஏவும் நாளில் மீனவர்கள் கடலுக்குப் போகக்கூடாது. அன்றைய பாடு போச்சு. மேலே போவது கீழே விழலாம் என்பதால்தான் அந்தத் தடை. அவர்களுக்குத் தலைவரின் குணத்தைவிட அந்த ரெகுலேட்டரை யார், எப்படிச் சோதித்தார்கள் என்பதுதான் முக்கியம்.

தோல்வியை நல்ல மனிதர்களின் கதையாக மட்டும் சொல்லிப் பழகியதில், தோல்வி எப்படி நடந்தது என்று கேட்பதையே விட்டுவிட்டோம். அடுத்த ஆண்டுவிழாவில் பேசப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: 2001 மார்ச் 28-ஐச் சொல்லிப் பாருங்கள். எதுவும் பறக்காத நாள்தான். ஆனா, பொருளும் காப்பாற்றப்பட்டது, மூன்று வாரத்தில் வேலையும் முடிந்தது.