ஆய்வுத் தரவை எங்கே வைப்பது? அம்பத்தூர், ஆவடிப் பக்கத்திலிருந்து ஒரு மதிப்பீடு

திருவள்ளூர் வட்டாரத்தில் 1968-இல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. பி.சி.ஜி. தடுப்பூசி காசநோயை உண்மையில் தடுக்கிறதா என்பதுதான் கேள்வி. 3,66,625 பேர் பதிவு செய்யப்பட்டார்கள். அவர்களில் 2,81,161 பேருக்குத் தடுப்பூசியோ போலி ஊசியோ குலுக்கல் முறையில் போடப்பட்டது. பதினைந்து ஆண்டுகள் அவர்களைப் பின்தொடர்ந்து, குறித்த இடைவெளிகளில் கணக்கெடுத்தார்கள். பதினைந்து ஆண்டு முடிவுகள் அச்சேறியது 1999-இல். பெரியவர்களுக்கு மொத்தத்தில் பாதுகாப்பு இல்லை, குழந்தைகளுக்கு 27 சதவீதம்தான் என்றன அவை. காசநோய்த் தடுப்பைப் பற்றிப் பேசுகிற எவரும் இன்றும் தாண்டிப் போக முடியாத ஆய்வு அது.

1968-க்கும் 1999-க்கும் இடையே 31 ஆண்டுகள். கணினி உலகில் துளை அட்டை போய், காந்த நாடா வந்து, ஃப்ளாப்பி வந்து, அதுவும் விடைபெறத் தொடங்கிய காலம். தொடக்கத்தில் எந்தச் சாதனத்தைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் முடிவு வரும்போது அதைப் படிக்க ஓர் இயந்திரம் கிடைப்பது அரிதாகியிருக்கும். பதிவுகள் கைமாறிக் கைமாறி, ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ பொறுப்பேற்றுக் காத்ததால்தான் அந்த முடிவு நமக்குக் கிடைத்தது. தரவுச் சேமிப்பு என்றாலே எத்தனை டெராபைட், என்ன விலை என்று தொடங்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

சென்னையின் மேற்குப் புறநகருக்கு இப்படி நெடுங்கால நினைவு இருப்பது தற்செயல் அல்ல. ஆவடியில் இருந்த தொழுநோய் ஆய்வுக் களப் பிரிவு 1991 ஜனவரியில் ஒரு தடுப்பூசி ஆய்வைத் தொடங்கியது. நான்கு தடுப்பூசிகளை உப்புநீர் ஊசியோடு ஒப்பிட்ட அந்த ஆய்வில் 1,71,400 பேர் தாமாக முன்வந்து சேர்ந்தார்கள். தொழுநோய் வெளிப்பட ஆண்டுக்கணக்கில் ஆகும் என்பதால் அதற்கும் நீண்ட காத்திருப்பு தேவைப்பட்டது. அந்தக் களப் பிரிவும் மருத்துவப் புள்ளியியல் ஆய்வு நிறுவனமும் 1999 ஜூலை 2 அன்று இணைந்து உருவானதுதான் அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில் இருக்கும் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம். 2020 மே, ஜூன் மாதங்களில் 70 மாவட்டங்களில் 28,000 பெரியவர்களிடம் ரத்தம் எடுத்து நடந்த முதல் தேசிய கொரோனா எதிர்ப்பொருள் ஆய்வை ஒருங்கிணைத்ததும் அந்த நிறுவனமே.

அதைச் சுற்றி ஆவடியில் வேல் டெக், தண்டலத்தில் சவீதா, மதுரவாயலில் டாக்டர் எம்.ஜி.ஆர். பல்கலைக்கழகம், பூந்தமல்லிச் சாலை நெடுகப் பொறியியல், மருத்துவக் கல்லூரிகள். இங்கெல்லாம் முனைவர் பட்ட மாணவர்கள் நாள்தோறும் தரவு சேகரிக்கிறார்கள். அதை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு என் தீர்ப்பைச் சொல்லுமுன், முன்னால் இருக்கும் வழிகளை ஒவ்வொன்றாக எடை போடுகிறேன்.

முதலில் அளவு. இதில்தான் அதிகம் பேர் தடம் மாறுகிறார்கள். 28,000 பேரிடம் ஆளுக்கு நூறு கேள்வி கேட்டு வந்த பதில்களை வெறும் அட்டவணைக் கோப்பாக வைத்தால், அது வாட்ஸ்ஆப்பில் வரும் ஒரு சினிமாப் பாட்டு வீடியோ அளவுக்குத்தான் இருக்கும். மரபணு வரிசை வேறு. ஒரு மனிதரின் முழு மரபணுவை ஆழமாகப் படித்தால் மூலத்தரவு மட்டும் 100 ஜிபி-யைத் தொடும். எக்ஸ்-ரே, ஸ்கேன் படங்கள் இரண்டுக்கும் இடையில். ஆக, சமூக ஆய்வும் கள ஆய்வும் செய்யும் துறைகளுக்கு இடம் ஒரு பிரச்சினையே இல்லை. அந்தச் சின்னக் கோப்பு பத்து ஆண்டு கழித்துத் திறக்குமா, திறந்தால் புரியுமா என்பதே பிரச்சினை.

இப்போது நடைமுறையில் மிகுதியாக இருக்கும் வழி, வழிகாட்டிப் பேராசிரியரின் பீரோவில் இருக்கும் வெளி ஹார்டு டிஸ்க். மேலே ஸ்கெட்ச் பேனாவால் மாணவர் பெயரும் ஆண்டும் எழுதியிருக்கும். உள்ளே ‘ஃபைனல்’, ‘ஃபைனல் நியூ’, ‘ஃபைனல் கரெக்டட்’ என்று மூன்று கோப்புகள். ஒன்றைத் திறந்தால் ‘கே17பி’ என்ற நெடுவரிசையில் 1, 2, 9 என்ற எண்கள். 1 ஆம், 2 இல்லை என்று ஊகிக்கலாம். 9 என்பது ‘தெரியாது’ என்றா, ‘பதில் சொல்ல மறுத்தார்’ என்றா? இரண்டையும் ஒன்றாகக் கூட்டினால் சதவீதமே மாறிவிடும். அதைச் சொல்லக்கூடிய மாணவர் வேலைக்குப் போய் ஆண்டுகள் ஆகியிருக்கும். டிஸ்க் நன்றாகச் சுழல்கிறது, தரவு மட்டும் செத்துவிட்டது. கையில் இருக்கிறது என்ற நிம்மதியைத் தவிர இந்த வழிக்கு ஆதரவாகச் சொல்ல எதுவும் இல்லை. ஒரே பிரதியாக இதை வைத்திருப்பதைப் பல்கலைக்கழகங்கள் விதி போட்டே தடுக்க வேண்டும்.

அடுத்தது இலவச டிரைவ். கல்லூரி மின்னஞ்சலோடு வருவதால் கையெழுத்தோ டெண்டரோ தேவையில்லை. பலர் ஒரே கோப்பில் வேலை செய்ய இதைவிட வசதியானது கிடையாது. அன்றாட வேலைக்கு இதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். காப்பகமாக நம்பக் கூடாது. கல்வி நிறுவனங்களுக்கு அளவில்லாத இடம் என்று இருந்ததை கூகுள் 2021-இல் மாற்றி, நிறுவனத்துக்கே மொத்தமாக 100 டெராபைட் அடிப்படை அளவு என்று அறிவித்தது. 2022-இல் அது நடைமுறைக்கு வந்தது. சலுகையை மாற்ற நிறுவனத்துக்கு உரிமை உண்டு. குறை அதை நம்பியே இருந்தவர்களிடம்தான். இதைவிடப் பெரிய ஆபத்து நம் பக்கத்திலேயே இருக்கிறது. மாணவர் படிப்பை முடித்ததும் அவருடைய கல்லூரிக் கணக்கு மூடப்படும். கோப்பின் உரிமையை அவர் வேறு யாருக்கும் மாற்றியிருக்காவிட்டால், ஐந்தாண்டு உழைப்பு அந்தக் கணக்கோடு போய்விடும்.

கல்லூரியின் சொந்தச் சேமிப்பு என்பது பெரும்பாலும் நாஸ் என்று அழைக்கப்படும் பெட்டி. ஒன்று, இரண்டு லட்ச ரூபாய்க்குள் நான்கு டிஸ்க் போட்ட ஒன்றை வாங்கிவிடலாம். வேகம் உண்டு. மாத வாடகை இல்லை. நோயாளி விவரம் வளாகத்தை விட்டு வெளியே போகாது. ஒரு டிஸ்க் போனாலும் ரெய்டு முறை தரவைக் காப்பாற்றும். ஆனால் ரெய்டு இருக்கிறது, பேக்கப் தேவையில்லை என்று துறைக் கூட்டங்களில் சொல்வது தவறு. ஒருவர் தெரியாமல் அழித்த கோப்பை ரெய்டு எல்லா டிஸ்க்கிலும் ஒழுங்காக அழிக்கும். கப்பம் கேட்கும் ரான்சம்வேர் நுழைந்தால் அத்தனையையும் ஒரே நேரத்தில் பூட்டும். 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸில் நடந்தது அதுதான். நாட்டின் முதன்மையான மருத்துவமனை கிட்டத்தட்ட இரண்டு வாரம் காகிதத்தில் ஓடியது. நோயாளி விவரங்கள் மீண்டதற்குக் காரணம், தாக்குதலுக்கு ஆளாகாத தனி பேக்கப் சர்வர் ஒன்று இருந்ததுதான்.

கியோட்டோ பல்கலைக்கழகத்தின் கதை இன்னும் கூர்மையானது. 2021 டிசம்பரில் பேக்கப் எடுக்கும் நிரலைத் திருத்தும்போது நேர்ந்த பிழையால் மீத்திறன் கணினியின் சேமிப்பிலிருந்து 77 டெராபைட், சுமார் 3 கோடியே 40 லட்சம் கோப்புகள் அழிந்தன. 14 ஆய்வுக் குழுக்கள் பாதிக்கப்பட்டன. அவற்றில் 4 குழுக்களின் தரவை மீட்க வழியே இல்லாமல் போனது. கருவி உயர்தரமானது, பராமரித்த நிறுவனமும் பெரியது. அங்கேயே அது நடந்தது.

நம் பகுதிக்கு மழை என்ற கூடுதல் கணக்கும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தை விட்டுவிடுவோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பட்டறைகளுக்குள் தண்ணீர் ஏறி எந்திரங்கள் மூழ்கியதை எல்லோரும் பார்த்தோம். தரைத்தளத்தில் சர்வர் அறை வைத்திருக்கும் கல்லூரி, எந்தப் பெட்டி வாங்குவது என்று யோசிக்குமுன் அந்த அறையை மாடிக்கு ஏற்ற வேண்டும். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணியிலிருந்து பிற்பகல் வரை மின்சாரம் நிற்கும் நாளில் யுபிஎஸ் எவ்வளவு நேரம் தாங்கும், அதற்குள் சர்வரை முறையாக அணைப்பவர் யார் என்பதையும் எழுதி வைக்க வேண்டும்.

அப்படியானால் பக்கத்திலேயே இருக்கும் தரவு மையங்களில் வைத்தால் என்ன? அம்பத்தூரில் என்.டி.டி.-யின் வளாகம் இருக்கிறது. ரிலையன்ஸ், புரூக்ஃபீல்டு, டிஜிட்டல் ரியால்ட்டி மூன்றும் சேர்ந்த டிஜிட்டல் கனெக்‌ஷன் 2024 ஜனவரியில் இங்கே தன் மையத்தைத் திறந்தது. கல்லூரி அறையோடு ஒப்பிட்டால் மின்சாரமும் குளிரூட்டலும் காவலும் எங்கோ உயரத்தில் இருக்கின்றன. ஆனாலும் ஒரு பல்கலைக்கழகம் தன் பெட்டியைக் கொண்டுபோய் அங்கே வாடகைக்கு வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ரேக் வாடகை நிலையான செலவு. பெட்டியைப் பராமரிப்பது அப்போதும் நம் வேலைதான். முக்கியமாக, ஆவடியில் ஒரு பிரதியும் அம்பத்தூரில் ஒரு பிரதியும் வைத்தால் இரண்டுக்கும் ஒரே புயல், ஒரே மின்வலை. இரண்டாவது பிரதிக்கு அருகாமை பலம் ஆகாது, பலவீனம்தான்.

வெளியே பிரதி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தென்கொரியா மிகக் கசப்பாக உணர்ந்தது. 2025 செப்டம்பர் 26 அன்று தேஜான் நகரில் அரசின் தரவு மையத்தில் லித்தியம் பேட்டரி தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் கோப்பு வைத்திருந்த ஜி-டிரைவில் இருந்த 858 டெராபைட் மொத்தமும் எரிந்தது. கொள்ளளவு பெரிது என்பதால் வெளியே பிரதி எடுக்கவில்லை என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். பெரிது என்பதால் பிரதி இல்லை என்ற அதே வாதம் நம் கல்லூரிகளிலும் உண்டு. எல்லாவற்றுக்கும் பிரதி எடுக்க முடியாவிட்டால், திரும்பச் சேகரிக்க முடியாததற்காவது எடுக்க வேண்டும். கணினி உருவகப்படுத்தலை மறுபடி ஓட்டலாம். 2020 மே மாதத்து ரத்த மாதிரியை மறுபடி எடுக்க முடியாது.

வணிக மேகச் சேமிப்பின் நியாயம் இங்கேதான் நிற்கிறது. மும்பை, ஹைதராபாத், புனே என்று தொலைவில் வைக்கலாம். மும்பையை நான் முன்னே வைப்பதற்குப் பருவமழை ஒரு காரணம். அங்கே வெள்ளம் வருவது ஆனி, ஆடியில். நமக்கு ஐப்பசி, கார்த்திகையில். இரண்டு நகரமும் ஒரே வாரத்தில் மூழ்குவது அரிது. ஆனால் விலைப்பட்டியலை முழுதாகப் படிக்க வேண்டும். அமேசானின் மும்பை மண்டலத்தில் சாதாரண அடுக்கில் வைக்க ஜிபிக்கு மாதம் சுமார் 2 ரூபாய். அதை இணையம் வழியே வெளியே எடுக்க, ஒரு மாத வாடகையைப் போல நான்கு மடங்குக்கு மேல் ஆகும். ஆழ்ந்த காப்பக அடுக்கு மிக மலிவு, ஆனால் கேட்ட கோப்பு கைக்கு வர 12 மணி நேரம் வரை காத்திருக்க வேண்டும். 10 டெராபைட்டை 100 எம்பிபிஎஸ் இணைப்பில் ஏற்ற ஒன்பது நாளுக்கு மேல் பிடிக்கும். பில் மாதாமாதம் வரும், ஆய்வு நிதியோ மூன்று ஆண்டில் முடியும். நிதி முடிந்த நான்காம் ஆண்டு பில்லை யார் கட்டுவது என்பதற்கு விடை இல்லாத திட்டத்தில் மேகத்தைத் தொடவே கூடாது.

பொதுக் களஞ்சியங்களைப் பற்றி எனக்குக் குறை குறைவு. முனைவர் பட்ட ஆய்வேடுகள் காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட்டின் ஷோத்கங்காவில் ஏறுகின்றன. ஆய்வேட்டின் நான்காம் அத்தியாய அட்டவணை அங்கே பத்திரமாக இருக்கிறது, அதற்கு அடியில் இருந்த தரவு இங்கே ஒரு லேப்டாப்பில் தொலைந்துபோகிறது. இந்தப் பிளவு என்னை உறுத்துகிறது. உயிரியல் வரிசைத் தரவுக்கு 2022-இல் ஃபரிதாபாத்தில் திறந்த இந்திய உயிரியல் தரவு மையம் இருக்கிறது. மற்றவற்றுக்கு ஐரோப்பாவின் செர்ன் நடத்தும் ஜெனோடோ 50 ஜிபி வரை ஒரு பதிவுக்குக் கட்டணமின்றி ஏற்கிறது. பெயர், முகவரி நீக்கிய தரவுக்கு மட்டுமே இந்த வழி. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆராய்ச்சிக்கு விலக்கு தருகிறது, ஆனால் வகுத்த தரங்களைக் கடைப்பிடிக்க வேண்டும், அந்தத் தரவைக் கொண்டு குறிப்பிட்ட ஒருவரைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது என்ற நிபந்தனைகளுடன். அதனால் யார் எந்த எண் என்று காட்டும் பட்டியலைத் தரவோடு சேர்த்து வைக்கவே கூடாது. அது வேறு இடத்தில், பூட்டிய கோப்பாக இருக்க வேண்டும்.

என் தீர்ப்பு இது. வேலை நடக்கும் பிரதி கல்லூரியின் சொந்தச் சர்வரில், மாடியில். இரண்டாவது பிரதி, மறையாக்கம் செய்து பூட்டிய பின், மேற்குக் கரையில் உள்ள மேக மண்டலம் ஒன்றில், திரும்பச் சேகரிக்க முடியாத தரவுக்கு மட்டும். பெயர் நீக்கிய இறுதித் தரவும், அதில் எந்தக் குறியீடு எதைக் குறிக்கிறது என்று சொல்லும் குறியீட்டு ஏடும் பொதுக் களஞ்சியத்தில், ஆய்வேடு சமர்ப்பிக்கும் அதே நாளில். மரபணு ஆய்வகம் போன்ற பெருந்தரவுத் துறைக்கு மட்டும் காந்த நாடாவைச் சேர்ப்பேன். எல்டிஓ ஒன்பதாம் தலைமுறை நாடா ஒன்றில் 18 டெராபைட் அடங்கும், அலமாரியில் கிடக்கும்போது மின்சாரம் கேட்காது, எந்த ஹேக்கருக்கும் எட்டாது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு பணியிடம் வேண்டும். நூலகத்திலேயே தரவுப் பொறுப்பாளர் என்று ஒருவர். ஆள் மாறினாலும் பதவி தொடர வேண்டும், பூட்டின் சாவிச்சொல் அந்தப் பதவியிடம் இருக்க வேண்டும், மேகத்தின் பில் ஆய்வு நிதியிலிருந்து இல்லாமல் பல்கலைக்கழகத்தின் பொது வரவு செலவிலிருந்து போக வேண்டும். இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் பெட்டியை விட்டு ஆளைத்தான் எடுப்பேன்.

அந்தப் பொறுப்பாளர் ஆண்டுதோறும் புரட்டாசியில், மழை பிடிக்குமுன், ஒரு நாளை ஒதுக்கட்டும். பழைய ஆய்வு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மும்பைப் பிரதியிலிருந்து கோப்பை இறக்கி, சரிபார்ப்பு எண் பொருந்துகிறதா என்று பார்த்து, குறியீட்டு ஏட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஆய்வேட்டின் ஓர் அட்டவணையை மறுபடி உருவாக்க அந்தத் துறைக்குச் சம்பந்தமில்லாத ஒரு மாணவரிடம் கொடுக்கட்டும். எண்கள் வராவிட்டால் அந்த ஆண்டு புது டிஸ்க்குக்கு ஒதுக்கிய பணம் குறியீட்டு ஏடுகளைச் சீர்செய்யப் போகட்டும்.