சித்திரக்கதையிற் காலம்: ‘மாஸ்டர் றேஸ்’ குறித்து ஒரு நோக்கு

ஓவியம் இடத்திற்குரிய கலை, கவிதை காலத்திற்குரிய கலை என லெசிங் 1766இல் வகுத்த பாகுபாடு சித்திரக்கதையின் முன் தடுமாறுகின்றது. சித்திரக்கதையின் கட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்கப்படுவன; எனினும் பக்கத்தைப் புரட்டியதும் யாவும் ஒருங்கே கண்ணிற் படுகின்றன. திரைப்படத்தில் கடந்த காட்சி மறைந்துவிடும். இங்கோ சென்றதும் வருவதும் ஒரே தாளில் உடனிருக்கின்றன. இதனை வெறுமனே படம் சேர்த்த கதையெனக் கொள்வோர் இவ்வியல்பைத் தவறவிடுகின்றனர்.

பேர்னாட் கிறிக்ஸ்டீன் வரைந்து, 1955இல் அமெரிக்காவின் ஈ.சி. நிறுவனம் வெளியிட்ட ‘மாஸ்டர் றேஸ்’ இதற்குத் தக்க சான்று. அந்நிறுவனத்திலே கட்டங்கள் வகுக்கப்பட்டு, எழுத்துகளும் பொறிக்கப்பட்ட பின்னரே தாள்கள் ஓவியனிடம் கையளிக்கப்படும். எஞ்சிய வெளியை நிரப்புவதே அவன் தொழில். ஆறு பக்கங்களுக்கென வகுக்கப்பட்ட இக்கதைக்கு எட்டுப் பக்கங்களைக் கேட்டுப் பெற்ற கிறிக்ஸ்டீன், அத்தாள்களை வெட்டித் தம் விருப்பிற்கேற்ப மீள ஒழுங்கமைத்தார். வெகுசனப் பண்டம் எனக் கூறிச் சித்திரக்கதையை ஒதுக்கும் நம் முற்போக்கு விமர்சகர் சிலர், அப்பண்ட உற்பத்தியின் உள்ளேயே ஓர் உழைப்பாளி நிகழ்த்திய இம்மீறலை மனங்கொள்ளல் வேண்டும்.

நியூயோர்க் நிலக்கீழ் ரயிலில் அமர்ந்திருக்கும் கார்ல் றைஸ்மன், பெட்டியுள் நுழையும் ஒருவனைக் கண்டு அஞ்சுகிறான். அல் பெல்ட்ஸ்டீனின் உரை அவனை ‘நீ’ என விளித்துச் செல்வதால், நாசி முகாமிலிருந்து தப்பிய ஒருவனென்றே அவனைக் கருதுகிறோம். அவனோ பெல்சன் முகாமின் தளபதி! இறுதியில் மேடையில் ஓடி, வழுக்கி, வரும் ரயிலின் முன் வீழ்கிறான். அக்கணத்தைக் கிறிக்ஸ்டீன் ஒடுங்கிய கட்டங்களாகப் பிளந்துவிடுகிறார். கடந்தோடும் ரயிலின் யன்னல்களில் ஒரே முகம் மீண்டும் மீண்டும் தோன்றுகின்றது.

கட்டங்களுக்கிடையிலான வெற்றிடத்தை வாசகன் நிரப்புவதே இக்கலையின் உயிர் என்பது 1993இல் ஸ்கொட் மெக்கிளவுட் முன்வைத்த கருத்து. அது முழுதும் பொருந்தாது என்பதே என் எண்ணம். இங்கு நிரப்புவதற்கு எதுவும் எஞ்சவில்லை. கணம் நகர மறுக்கின்றது, வாசகனும் அதனுள் அடைபடுகிறான்.

ஆயினும் இவ்வெற்றியிலேயே ஒரு குறையும் உள்ளது. முகாம் நினைவுகூரப்படும் பகுதிகளிற் கட்டங்கள் எழுத்தின் பாரத்தால் நசுங்கியுள்ளன. எண்ணற்றோரின் மரணம் விரைவாகக் கடந்து செல்கின்றது. விரிந்த காலம் கொலைஞனுக்கே வாய்க்கின்றது. வடிவச் சிறப்பை மாத்திரம் போற்றுவோர் இதனைப் பேசுவதில்லை. இடத்தைப் பங்கிடுவது காலத்தைப் பங்கிடுவதாயின், யாருக்கு எவ்வளவு என்பது வெறும் அழகியல் வினாவன்று.

மாணவப் பருவத்திலேயே இப்படைப்பை ஆராய்ந்து எழுதியவர் ஆர்ட் ஸ்பீகல்மன். 1992இல் புலிட்சர் சிறப்பு விருது பெற்ற அவரது ‘மவுஸ்’, தப்பிப் பிழைத்த தந்தைக்கே காலத்தை வழங்குகின்றது. அதன் இரண்டாம் பாகத்தில், தந்தையும் மகனும் அமெரிக்கக் காட்டுப்பாதை ஒன்றிற் காரிற் செல்கின்றனர். 1945 சனவரியில் அவுஷ்விற்ஸில் தூக்கிலிடப்பட்ட பெண்களைப் பற்றித் தந்தை கூறுகிறார். அதே கட்டத்தில், பாதையோர மரங்களிலிருந்து அப்பெண்களின் கால்கள் தொங்குகின்றன.