ஆயரின் வெள்ளிக் கரண்டிகள்

விக்டர் ஹியூகோவின் 'லே மிசராபிள்' (1862) நாவலைப் படிக்காதவர்களுக்கும் அந்த ஒரு காட்சி தெரிந்திருக்கும். சிறையிலிருந்து வெளியே வந்த ழான் வல்ழான், இரவு தங்க இடம் கொடுத்த ஆயரின் வெள்ளிச் சாமான்களைத் திருடிக்கொண்டு ஓடுகிறான். போலீஸ் பிடித்து இழுத்து வருகிறது. ஆயரோ அவற்றைத் தான்தான் கொடுத்ததாகச் சொல்லி, இரண்டு வெள்ளி மெழுகுவர்த்தித் தாங்கிகளையும் சேர்த்துக் கொடுத்தனுப்புகிறார். டாம் ஹூப்பரின் 2012 படத்தில் பார்த்திருப்பீர்கள், இல்லாவிட்டால் ஏதாவது ஒரு ஞாயிறு பிரசங்கத்தில் கேட்டிருப்பீர்கள். நம்மூரிலும் சுத்தானந்த பாரதியின் 'ஏழைபடும் பாடு' வழியாகவும், 1950இல் கே. ராம்நாத் இயக்கிய அதே பெயர் கொண்ட படம் வழியாகவும் தாத்தா தலைமுறைக்கே இது பழகிய கதை. அதில் ஜாவர் என்ற போலீஸ்காரராக நடித்தவர் கடைசிவரை 'ஜாவர்' சீதாராமனாகவே இருந்தார்.

ஆனால் இந்தக் காட்சியை மட்டும் கத்தரித்து எடுக்கும்போது ஒரு விஷயம் கீழே விழுந்துவிடுகிறது. ஆயருக்கு அந்த வெள்ளி பிடிக்கும். ரொம்பவே பிடிக்கும்.

ஹியூகோ இதை மெனக்கெட்டுச் சொல்கிறார். மிரியேல் ஆயருக்கு அரசாங்கச் சம்பளம் வருஷத்துக்கு 15,000 ஃபிராங்க். தன் செலவுக்கு வைத்துக்கொள்வது ஆயிரம்தான், மிச்சமெல்லாம் ஏழைகளுக்கும் தர்ம காரியங்களுக்கும். அரண்மனை மாதிரியான ஆயர் இல்லத்தைப் பக்கத்து ஆஸ்பத்திரியின் 26 நோயாளிகளுக்குக் கொடுத்துவிட்டு, அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்குத் தான் குடிபோகிறார். வரவு செலவுக் கணக்கையே வரிவரியாகப் பட்டியல் போட்டுக் காட்டுகிறது நாவல். இத்தனையும் கொடுத்தவரிடம் பழைய வாழ்க்கையிலிருந்து மிஞ்சியது ஆறு பேருக்கான வெள்ளிக் கரண்டி செட்டும், ஒரு பெரிய சூப் அகப்பையும், ஒரு பாட்டி முறை உறவினர் விட்டுப்போன அந்த இரண்டு தாங்கிகளும். வெள்ளிக் கரண்டியில் சாப்பிடுவதை விடுவது தனக்குக் கஷ்டம்தான் என்று அவரே ஒத்துக்கொள்கிறார். விருந்தாளி வந்தால் ஆறு செட்டும் மேசைக்கு வர வேண்டும், அது வீட்டு வழக்கம். அந்தச் சின்னப் பெருமையால்தான் அவை வல்ழானின் கண்ணில் படுகின்றன.

இயேசு மலைப்பிரசங்கத்தில் பூமியில் பொக்கிஷம் சேர்ப்பதற்கு மூன்று ஆபத்துகள் சொல்கிறார்: பூச்சி, துரு, திருடன். நாம் கேட்கும் பிரசங்கங்களில் இந்த மூன்றும் ஒரே வரிசையில் நிற்கும். ஹியூகோ மூன்றாவது ஆளை மட்டும் தனியாகப் பிரித்து வீட்டுக்குள் கூட்டி வருகிறார். ஆயர் இத்தனை வருஷம் ஜெபம் பண்ணியும் கையை விட்டுப் போகாதது, திருடன் வந்த ஒரே ராத்திரியில் போய்விடுகிறது. காலையில் வேலைக்கார மக்லுவார் அம்மா பதறும்போது, அந்த வெள்ளி ஏழைகளுடையது, தான்தான் ரொம்ப நாளாகத் தப்பாக வைத்துக்கொண்டிருந்ததாக அவர் சொல்கிறார். இனிமேல் எதில் சாப்பிடுவீர்கள் என்று அந்த அம்மா கேட்க, ஈயம் வாடை அடிக்கும், இரும்பு ருசியைக் கெடுக்கும், மரக்கரண்டி போதும் என்று ஒருமாதிரி சமாளிக்கிறார்கள். அழகான இடம். கவனியுங்கள், போலீஸ் இன்னும் வரவில்லை. அதாவது கரண்டிகளை அவர் கொடுக்கவில்லை, அவரிடமிருந்து எடுக்கப்பட்டது, அதற்கு அவர் சம்மதித்தார். தானாகக் கொடுத்தது தாங்கிகளை மட்டும்தான். ஒன்றை இழந்து பழகிய கை அடுத்ததை நீட்டுகிறது. துறவைப் பற்றி இதைவிட நேர்மையாக எழுதப்பட்ட பக்கங்களை நான் அதிகம் படித்ததில்லை.

அந்த வெள்ளியால் வல்ழானின் ஆன்மாவை வாங்கிவிட்டதாக ஆயர் சொல்வது எனக்கு முதல் வாசிப்பில் உறுத்தியது. ஆன்மாவுக்கு என்ன வியாபாரம்? ஆனால் கிறிஸ்தவத்தின் மைய வார்த்தையே கடைத்தெருவிலிருந்து வந்ததுதானே. அடகுக்கடையில் நகையை 'மீட்கிறோம்', கோயிலில் 'மீட்பர்' என்கிறோம். இரண்டும் ஒரே வினைச்சொல். விலை கொடுக்காமல் மீட்பு கிடையாது என்பதை நம் மொழி நன்றாகவே தெரிந்து வைத்திருக்கிறது.

மீட்கப்பட்டவன் உடனே நல்லவனாகிவிடவும் இல்லை. வழியில் பெத்தி ஜெர்வே என்ற சிறுவனின் நாற்பது சூ நாணயத்தைக் காலால் மிதித்து மறைத்துக்கொள்கிறான். பிறகு மனசு உடைகிறான். கரண்டிகளை விற்று வாழ்க்கையைத் தொடங்குகிறான், தாங்கிகளை மட்டும் வைத்துக்கொள்கிறான். ஆயரால் விட முடியாததை இப்போது இவனும் விடவில்லை! அப்படியானால் பற்று ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறியதுதானா?

இல்லை என்பதற்கு நாவல் ஒரு ராத்திரியைக் காட்டுகிறது. வேறு பெயரில் மேயராகிவிட்ட வல்ழானுக்குப் பதிலாக வேறொருவன் தண்டனை அனுபவிக்கப்போகிறான். பேசாமல் இருந்தால் இவன் தப்பிக்கலாம். பழைய பையையும் துணிகளையும் கணப்பில் போட்டு எரிக்கிறான், சாம்பலில் அந்தச் சிறுவனின் நாணயம் மின்னுகிறது. அடுத்து தாங்கிகளையும் உருக்கிவிடலாம் என்று எடுக்கிறான். அப்போதுதான் உள்ளிருந்து அவன் பழைய பெயர் கூப்பிடப்படுகிறது. ஆயரிடம் அது பாட்டியின் ஞாபகம். இவனிடம் சாட்சி. என் ஆச்சி இறந்தபோது நகையைப் பிரித்ததைவிட அவருடைய பழைய வேதாகமத்தை யார் வைத்துக்கொள்வது என்பதுதான் வீட்டில் கஷ்டமாக இருந்தது. வைத்துக்கொள்பவர் அதை வாசிக்க வேண்டியிருக்குமே என்று எல்லாருக்குமே பயம்.

பிறகு வல்ழான் தன் சம்பாத்தியத்தைக் காட்டில் ஒரு பெட்டியில் புதைக்கிறான். கிட்டத்தட்ட ஆறு லட்சம் ஃபிராங்க். அதே பெட்டியில் தாங்கிகளும். நிலத்தில் மறைந்திருந்த பொக்கிஷம் என்ற இயேசுவின் உவமை ஹியூகோவின் மனசில் ஓடியிருக்கும் என்றே நினைக்கிறேன். பணம் முழுக்க வளர்ப்பு மகள் கோசெத்தின் சீதனமாகப் போகிறது.

நாவல் உண்மையிலேயே இறுகுவது அதற்குப் பிறகுதான். கோசெத் எட்டு வயதில் போட்ட கறுப்பு உடைகளை ஒரு சின்னப் பெட்டியில் எப்போதும் கூடவே வைத்திருப்பான். அவள் கல்யாண ராத்திரியில் அவற்றைக் கட்டிலில் பரப்பி, முகம் புதைத்து அழுகிறான். முன்பு அவள் ஒருவனைக் காதலிப்பது தெரிந்தபோது அவனை வெறுத்தவன் இவன், பின்னால் அதே மாரியுஸைச் சாக்கடைச் சுரங்கம் வழியே தோளில் தூக்கி வந்தவனும் இவன்தான். வெள்ளியை விடு, காசை விடு என்று சொல்வது சுலபம். பொக்கிஷம் ஒரு பிள்ளையாக இருந்தால்? பரலோகத்தில் சேர்த்து வை என்று இந்த ஆளிடம் யார் போய்ச் சொல்வது? ஹியூகோவும் இங்கே கொஞ்சம் நழுவுகிறார். சாவின் இருட்டில் சிறகு விரித்த தேவதூதனை நிறுத்தியது எனக்கு அதிகப்படியாகத்தான் தெரிகிறது.

தேவதூதன் வேண்டியிருக்கவில்லை. தாங்கிகளில் மெழுகுவர்த்தி எரிகிறது. அவற்றை கோசெத்துக்கு எழுதி வைத்தாயிற்று. வெறும் வெள்ளிதான், தனக்கு அது தங்கம் என்கிறான். இதைக் கொடுத்தவர் மேலிருந்து பார்த்துத் தன்னைப் பற்றித் திருப்திப்படுகிறாரா என்பது மட்டும் அவனுக்குத் தெரியவில்லை.