எழுத்தோவியமும் வேதவிளக்கமும்

சங்கீதம் 119-இன் தலைப்புகளாக நாம் அறிந்த ஆலெப் எருதின் தலையினின்றும், பேத் வீட்டின் வடிவினின்றும் பிறந்தவை. 1905-இல் பெட்ரி சீனாயில் கண்ட கல்வெட்டுகள் இதற்குச் சான்று. இவ்வுருவங்களைத் தீட்டுவோர், தகப்பனைக் குறிக்கும் ‘ஆப்’ என்னும் சொல்லில் ‘வீட்டின் வலிமை’யைக் காட்டுவர். ஓவியமாக அது அழகே. ஆயினும் அச்சொல்லில் அவ்வெழுத்துக்கள் ஒலியை மட்டுமே குறிக்கின்றன. சொற்பிறப்பைக் கொண்டு பொருள் காண்பதையே ஜேம்ஸ் பார் 1961-இல் கண்டித்தார், இதுவோ சொற்பிறப்புமன்று!

நம் அருகிலேயே வேறொரு வழி உண்டு. தாம்பரத்திற்குக் கிழக்கே, கடலோர ஈஞ்சம்பாக்கத்தில், 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவிய கே. சி. எஸ். பணிக்கர், 1963 முதல் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்னும் வரிசையைத் தீட்டினார். மலையாள எழுத்தை ஒத்த அவ்வரிகளை வாசிக்க இயலாது. வாசிக்கும்படி அவர் கேட்கவுமில்லை. எனினும் ஏட்டுச்சுவடியின் முன் நிற்பதுபோல் நிற்கிறோம். எபிரெய எழுத்தைத் தீட்டுவோரும் படத்தின்கீழ் வேதவிளக்கம் எழுதாதிருப்பின் நலம்.