கேள்வி கேட்கக் கூலி

ஹைதராபாத்துக்கு வெளியே சில்கூரில் ஒரு பாலாஜி இருக்கிறார். 'விசா பாலாஜி' என்று சொன்னால்தான் பலருக்குத் தெரியும். வெளிநாடு போக ஆசைப்படுகிறவர்கள் முதலில் 11 சுற்று சுற்றி வேண்டிக்கொள்கிறார்கள். விசா கிடைத்துவிட்டால் திரும்பி வந்து 108 சுற்று. கிடைக்காவிட்டால் பாக்கி ஒன்றுமில்லை. கோயிலில் உண்டியலும் கிடையாது. நம்ம சென்னையிலும் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், பழவந்தாங்கலில், ஒரு விசா கணபதி உண்டு.

பாலாஜியின் கட்டண முறையைக் கவனியுங்கள். அட்வான்ஸ் கொஞ்சம், மீதி வேலை முடிந்த பிறகு. ஜெமினி மேம்பாலத்துப் பக்கத்தில் இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் இது தலைகீழ். மொத்தப் பணத்தையும் முதலில் கட்ட வேண்டும். அப்புறம்தான் உங்களைப் பார்க்கவே நாள் கொடுப்பார்கள். விசா கிடைக்கவில்லையா, போனது போனதுதான்.

இது படித்தவர்களுக்கே சரியாகப் புரிவதில்லை. 'விசா ஃபீஸ்' என்ற பெயர் செய்கிற வேலை அது. விசாவுக்குக் கொடுக்கிற விலை என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம்.

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகிற சாலையில் மாகறல். செய்யாற்றங்கரை ஊர், சம்பந்தர் பாடிய தலம். அங்கே எனக்குத் தெரிந்த ஒரு தம்பதியின் பெண் டல்லாஸில் இருக்கிறாள். முதல் குழந்தை உண்டாகியிருந்தாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது நம் பக்கத்து வழக்கம். பெண்ணால் வர முடியவில்லை என்றால் தாய் வீடுதான் கிளம்பிப் போக வேண்டும். 2025ல் இருவரும் விண்ணப்பித்தார்கள். ஆளுக்கு 185 டாலர். தூதரகம் தனக்கென்று ஒரு மாற்று விகிதம் வைத்துக்கொள்கிறது. கணக்குக்காக டாலர் 85 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு 15,725. இருவருக்கு 31,450 ரூபாய். 2025-26ல் தமிழ்நாட்டில் நூறுநாள் வேலைக்கு அறிவித்த தினக்கூலி 336 ரூபாய். வகுத்துப் பாருங்கள், 94 நாள் வருகிறது. அப்போது வருஷத்துக்கு உத்தரவாதமே நூறு நாளாகத்தான் இருந்தது.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் இரண்டு நிமிஷம் கேள்வி கேட்டார். பையில் கொண்டுபோன பட்டா, பாங்க் பாஸ்புக், பெண்ணின் கடிதம் எதையும் பார்க்கவில்லை. 214(பி) என்று போட்ட ஒரு தாளையும் பாஸ்போர்ட்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"பணம் கட்டின ரசீது இருக்குதே சார். அப்புறம் எப்படி இல்லைன்றாங்க?" என்று கேட்டார் பெரியவர்.

அது விசாவுக்கான பணம் இல்லை ஐயா, உங்கள் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கிறதுக்கான பணம் என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்போ கேள்வி கேக்கறதுக்குக் கூலியா? கேக்கறது அவரு. நான் எதுக்குக் குடுக்கணும்?"

இதற்கு எதிர்த்தரப்பில் ஒரு பதில் இருக்கிறது. அதை நியாயமாகவே சொல்லிவிடுகிறேன். விரல் ரேகை எடுக்க ஆள், கம்ப்யூட்டர், காவல், அதிகாரியின் சம்பளம் எல்லாம் வேண்டும். சரி என்று சொல்ல ஆகிற அதே செலவுதான் இல்லை என்று சொல்லவும் ஆகிறது. மறுக்கப்பட்டவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தால் அந்தச் செலவை வேறு யாராவது ஏற்க வேண்டும். அமெரிக்க வரி கட்டுகிறவன் ஏன் ஏற்க வேண்டும்? நல்ல கேள்விதான். ஆனால் இது தொன்றுதொட்டு வந்த முறை என்று மட்டும் நினைக்காதீர்கள்.

1920ல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது. வெளிநாட்டுக்காரனின் விசா விண்ணப்பத்தை எழுதி வாங்குவதற்கு 1 டாலர். விசா கொடுத்தால் 9 டாலர். ஆக மொத்தம் 10. விசாரணைக்கு ஒன்று, முத்திரைக்கு ஒன்பது! கிட்டத்தட்ட சில்கூர் கணக்கு. அதே வருஷம் அக்டோபரில் பாரிஸில் லீக் ஆஃப் நேஷன்ஸ் கூட்டிய பாஸ்போர்ட் மாநாடு, நுழைவு விசாவுக்கு 10 தங்க பிராங்குக்கு மேல் வாங்கக் கூடாது என்று சிபாரிசு செய்தது. முதல் உலகப் போரின்போது தற்காலிகமாக வந்த தொல்லைதான் விசா, சீக்கிரம் போய்விடும் என்று அப்போது பலர் நம்பினார்கள். பாவம்.

இப்போதைய முறைக்கு அடிக்கல் 1994. இயந்திரம் படிக்கக்கூடிய விசா வந்தபோது, அதைப் பரிசீலிக்க ஒரு கட்டணம் வாங்கலாம், அதை வெளியுறவுத் துறை தானே வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் வந்தது. ஆரம்பத்தில் 20 டாலர். 1998ல் 45. செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு 2002ல் 65, அதே வருஷக் கடைசியில் 100. 2008ல் 131, 2010ல் 140, 2012ல் 160, 2023 ஜூனில் 185. முப்பது வருஷத்தில் ஒன்பது மடங்குக்கு மேல். டாலரே நம் ரூபாய்க்கு எதிராக ஏறியதை இதற்கு மேல் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தொகையோடு பெரிய சண்டை இல்லை. டல்லாஸ் போய்வர விமான டிக்கெட்டே ஒரு லட்சத்தைத் தொடும். அதில் பதினைந்தாயிரம் எம்மாத்திரம் என்று கேட்கலாம். சண்டை, நஷ்டம் யார் தலையில் விழுகிறது என்பதில். 1920ல் முத்திரைக்கு இருந்த ஒன்பது பங்கும் நகர்ந்து விசாரணைப் பக்கம் வந்துவிட்டது. டிக்கெட் வாங்குகிறவன் பறக்கிறான். மறுக்கப்பட்டவன் பறக்காமலே கட்டுகிறான். யாருக்கு மறுக்கிறார்கள்? 214(பி) என்பது அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் ஒரு பிரிவு. வருகிறவர் அங்கேயே தங்கிவிட உத்தேசித்திருக்கிறார் என்று முதலிலேயே அனுமானித்துக்கொள்கிறது. இல்லை, ஊருக்குத் திரும்பி வருவேன் என்று நிரூபிக்கிற பொறுப்பு விண்ணப்பிக்கிறவருடையது. ஏற்கெனவே நாலு நாடு சுற்றி வந்த கம்பெனி அதிகாரிக்கு அது சுலபம். இரண்டு ஏக்கரும் ஒரு கறவை மாடும் வைத்திருக்கிறவருக்குக் கஷ்டம். ஆக, இரண்டாவது தடவையும் மூன்றாவது தடவையும் பணம் கட்டுகிறவர் அநேகமாக வசதி குறைந்தவராகத்தான் இருப்பார். ஒவ்வொரு தடவையும் புதுக் கட்டணம்.

வேறு மாதிரி செய்ய அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. 2025 ஜூலை 4ல் கையெழுத்தான பெரிய பட்ஜெட் சட்டத்தில் 'விசா இன்டெக்ரிட்டி ஃபீஸ்' என்று 250 டாலர் எழுதியிருக்கிறார்கள். அது விசா கொடுக்கப்பட்டவர்களுக்கு மட்டும். விதிப்படி நடந்து, காலத்தில் திரும்பிப் போனால் திருப்பித் தரலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அந்த 250ஐ நான் ஆதரிக்கவில்லை, அது தனிக் கொடுமை. ஆனால் கொடுத்த பிறகு வாங்குவது, வாங்கியதைத் திருப்புவது இரண்டும் அரசாங்கத்தால் முடியாத காரியம் இல்லை என்று அவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள் பாருங்கள்.

ஐரோப்பா கொஞ்சம் தேவலை என்பேன், ஒரு காரணத்துக்காக. ஷெங்கன் விசா 2007ல் 60 யூரோ ஆனது, 2020ல் 80, 2024 ஜூனில் 90. அங்கேயும் திருப்பித் தர மாட்டார்கள். 2024ல் இந்தியாவில் கொடுத்த விண்ணப்பங்களில் சுமார் 1.65 லட்சம் மறுக்கப்பட்டன. ஆளுக்குப் பழைய 80 யூரோ என்றே வைத்தாலும் 1 கோடியே 32 லட்சம் யூரோ. ஆறு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கும் வேறு சிலருக்கும் கட்டணமில்லை. அவர்களைக் கழித்தாலும் பெரிய தொகைதான். ஆனால் ஷெங்கன் நாடுகள் மறுக்கும்போது காரணங்கள் அச்சிட்ட ஒரு படிவத்தில் எது உங்களுக்குப் பொருந்துகிறது என்று குறித்துக் கொடுக்க வேண்டும். மேல்முறையீடு எங்கே செய்வது என்றும் சொல்ல வேண்டும். சட்டம் அப்படி. பணம் கொடுத்ததற்குக் காரணமாவது கிடைக்கிறது.

காரணம் சொல்வது என்பது மாகறல்காரர்களுக்குப் புதிதில்லை. பக்கத்து உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன, கி.பி. 919லும் 921லும் வெட்டியவை. குடவோலையில் பெயர் எழுத யார் தகுதி, யார் தகுதியில்லை என்று சுவரில் பொறித்துவைத்தார்கள். வயது 35க்கு மேல் 70க்குள், வரி கட்டுகிற கால்வேலி நிலம், முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் கூடாது, அவன் உறவினனும் கூடாது. அந்த விதிகள் எல்லோருக்கும் நியாயமானவை என்று சொல்ல மாட்டேன். நிலமில்லாதவனுக்கு அதில் இடமே இல்லை. ஆனால் ஓலை எழுதப்படாதவன் எதனால் எழுதப்படவில்லை என்று சுவரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். இந்தத் தம்பதிக்குக் கிடைத்த தாளில் இருந்தது எல்லோருக்கும் அச்சடித்துத் தருகிற ஒரே வாசகம். நிலம் போதவில்லையா, மகள் அங்கே இருப்பதுதான் சந்தேகமா, இருவரும் சேர்ந்து கிளம்பியதா? அது தெரியாமல் அடுத்த 31,450ஐ எந்த நம்பிக்கையில் கட்டுவது? நிலைமை எதுவும் மாறாமல் மறுபடி போனால் பதிலும் பெரும்பாலும் மாறாது என்றுதான் என்னால் சொல்ல முடிந்தது. "அப்ப நான் மட்டும் போய்ப் பாக்கறேன், நீங்க மாட்டைப் பாத்துக்குங்க" என்றார் அந்த அம்மா. அதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. பேத்தியை வாட்ஸ்அப்பில் பார்த்தார்கள்.

இங்கிலாந்துக்காரர்களின் சாமர்த்தியம் வேறு ரகம். 2025 ஏப்ரல் கட்டணப்படி ஆறு மாத விசிட்டர் விசா 127 பவுண்டு, பத்து வருஷத்துக்கு 1,059 பவுண்டு. அடிக்கடி போகிறவர் பத்து வருஷத்துக்குப் பணம் கட்டலாம். அதிகாரி பார்த்துவிட்டு, இவருக்குக் குறைந்த காலம் போதும் என்று அதை மட்டும் கொடுத்தால், மிச்சப் பணம் திரும்பாது. முழுச் சாப்பாட்டுக்கு டோக்கன் வாங்கினால் ரெண்டு இட்லி வைத்துவிட்டு, டோக்கன் டோக்கன்தான் என்கிற ஓட்டலுக்கு நீங்கள் மறுபடி போவீர்களா?

அப்புறம் நடுவில் உட்கார்ந்திருக்கும் கம்பெனிகள். 2001ல் மும்பையில் ஆரம்பித்த வி.எஃப்.எஸ்., அமெரிக்கத் தூதரகத்துக்கு வேலை செய்துதான் துவங்கியது. இன்று பல நாடுகளுக்கு விண்ணப்பம் வாங்கித் தருகிறது. முடிவெடுப்பது அவர்கள் இல்லை, தூதரகம்தான். ஷெங்கன் விதிப்படி இத்தகைய கம்பெனியின் சேவைக் கட்டணம் சாதாரணமாக விசா கட்டணத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. எஸ்.எம்.எஸ்., கூரியர், சோபா போட்ட தனி அறை எல்லாம் உங்கள் இஷ்டம். வேண்டாம் என்று சொல்லலாம். அதனால் விசா கிடைக்கிற வாய்ப்பு குறையாது, சோபாவில் உட்கார்ந்தால் கூடவும் கூடாது.

இந்த நடுக் கட்டணத்தைக் கோர்ட் வரை இழுத்தவர்கள் நம் பக்கத்து நாட்டுக்காரர்கள். 2024 ஏப்ரலில் இலங்கை அரசு தன் பழைய இணைய அனுமதி முறையை நிறுத்திவிட்டு, விசா வேலையை வி.எஃப்.எஸ். சேர்ந்த ஒரு கூட்டமைப்புக்குக் கொடுத்தது. 50 டாலர் விசாவுக்கு மேல் சுமார் 25 டாலர் சேவைக் கட்டணம் ஏறியது. மே மாதத் துவக்கத்தில் கட்டுநாயக்க விமான நிலையத்தில் ஒருவர் போட்ட சத்தம் வீடியோவாக நாடு முழுக்கப் பரவியது. சுமந்திரன், ரவூப் ஹக்கீம், சம்பிக்க ரணவக்க என்று வேறு வேறு கட்சி அரசியல்வாதிகள் உச்ச நீதிமன்றம் போனார்கள். ஆகஸ்ட் 2ல் அந்த ஏற்பாட்டுக்கு இடைக்காலத் தடை வந்தது. பழைய முறையைத் திரும்பக் கொண்டுவர உத்தரவு. அதைச் செய்யாததற்காகக் குடிவரவுத் துறையின் தலைமை அதிகாரியையே செப்டம்பரில் நீதிமன்றம் விளக்கமறியலில் வைத்தது. விசா கட்டணத்துக்காக ஒரு அதிகாரி உள்ளே போனது என்று எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

மாகறல் தம்பதி விஷயத்தில் நடுவில் இருந்தது பன்னாட்டு கம்பெனி எதுவுமில்லை, காஞ்சிபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். டிஎஸ்-160 படிவத்தை நிரப்பித் தந்து, இரண்டு பேருக்கும் சேர்த்து 40,000 வாங்கியிருக்கிறார்கள். "எல்லாம் கவர்மென்ட் ஃபீஸ்தான் பெரியவரே" என்று சொல்லி. கட்டணம் 31,450. மிச்சம் 8,550 எந்த கவர்மென்டுக்குப் போயிற்று? டிஎஸ்-160 படிவத்துக்குக் காசே கிடையாது. அமெரிக்க விசாவில் 185 டாலருக்கு மேல் தூதரகத்தின் பெயரில் தனி சேவைக் கட்டணமும் இல்லை. படிவம் நிரப்பக் கூலி வாங்கட்டும், தப்பில்லை. அதைக் கூலி என்று சொல்லி வாங்க வேண்டும். எங்கே பணம் கட்டினாலும் தூதரகக் கட்டணம் எவ்வளவு, கம்பெனிக்கு எவ்வளவு, உங்களுக்கு எவ்வளவு என்று மூன்றாகப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் வேறு கடை பாருங்கள். கட்டிய ரசீது ஒரு வருஷம்தான் செல்லும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குள் இன்டர்வியூவுக்கு நாள் பதிவு செய்யாவிட்டால், கேள்விகூடக் கேட்காமலே கூலி போய்விடும்.

இவ்வளவும் வெளிநாட்டுக்காரர்களைப் பற்றியே சொல்லிவிட்டு நம்மைப் பற்றிச் சொல்லாமல் விடுவது சரியில்லை. 2014 நவம்பரில் இந்தியா கம்ப்யூட்டர் வழியாகச் சுற்றுலா விசா கொடுக்க ஆரம்பித்தது. இன்று இ-விசா என்கிறோம். எந்த நாட்டுக்காரர் என்பதைப் பொறுத்துக் கட்டணம் மாறும். கட்டுகிற பக்கத்தில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது: விசா கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பணம் திருப்பித் தரப்படாது. பெரியவரின் கேள்வியை எடுத்துக்கொண்டு டெல்லி அதிகாரிகள் வாஷிங்டனுக்குப் போனால், எதிர்த்தரப்பில் முதலில் இந்த வரியைத்தான் பிரிண்ட் எடுத்து மேஜையில் வைப்பார்கள்.