பிழைச் செய்தி மறைந்தால் போதுமா?

கடலூரிலோ சிதம்பரத்திலோ மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் டூ கணினி அறிவியல் படிக்கும் மாணவர், முந்தைய ஆண்டு சி பிளஸ் பிளஸ் கற்றுவிட்டுத்தான் பைத்தானுக்கு வருகிறார். சி பிளஸ் பிளஸில் கட்டளைகளைத் தொகுதியாகக் கட்டுவது நெளிவு அடைப்புக்குறி. வரியை உள்ளே தள்ளி எழுதுவது படிப்பவர் வசதிக்காக மட்டுமே. பைத்தானில் அந்த உள்தள்ளலே இலக்கணம். ஓராண்டு அழகுக்காகச் செய்ததை இனிப் பொருளுக்காகச் செய்ய வேண்டும் என்பதால் பிழைகள் வருவது இயல்பு. அவற்றைத் திருத்தும் விதம்தான் கவலை தருகிறது. வரியை இப்படியும் அப்படியும் நகர்த்தி, பிழைச் செய்தி மறைந்ததும் முடிந்துவிட்டதாக எண்ணும் பழக்கம் எளிதில் படிந்துவிடுகிறது.

இதில் ஒரு பகுதிக்கு நியாயம் உண்டு. டேபும் ஸ்பேஸும் தாறுமாறாகக் கலந்த நிரலைப் பைத்தான் 3 ஏற்காது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கலப்பைத் தேடுவதில் கல்வி எதுவும் இல்லை. டேப் விசைக்கு நான்கு ஸ்பேஸ் விழும்படி எடிட்டரை அமைத்துவிடலாம். ஆனால் ஒரு வரி எந்த மட்டத்தில் நிற்க வேண்டும் என்பது வேறு கேள்வி. ஐந்தின் ஃபேக்டோரியல் காணும் செயற்கூறில், பெருக்கும் வரியோடு ரிட்டர்ன் வரியும் ஒன்றிலிருந்து எண்ணும் ஃபார் மடக்குக்குள் போய்விட்டால், முதல் சுற்றிலேயே எல்லாம் முடிந்து 120-க்குப் பதில் 1 வரும். பிழைச் செய்தியே வராது. இலக்கணப்படி இரண்டு இடமும் சரி என்பதால், 'பிளாக்' போன்ற வடிவமைப்புக் கருவியும் அதை அப்படியே விட்டுவிடும். எழுதியவர் எதை நினைத்தார் என்பது எந்தக் கருவிக்கும் தெரியாது.

அப்படியானால் அடைப்புக்குறியே மேல் அல்லவா? ஓரளவுக்கு ஆம்: நிரலை நகலெடுத்து ஒட்டும்போது இடைவெளி தொலைந்தாலும் அடைப்புக்குறி தப்பிவிடும். பைத்தானின் மெய்யான குறை இது. ஆனால் 2014-இல் வெளிப்பட்ட ஆப்பிளின் பாதுகாப்புப் பிழையில், அடைப்புக்குறி மொழியான சி-யில் எழுதிய நிரலில் ஒரே 'கோட்டு' (goto) வரி இருமுறை வந்தது. இரண்டாவது, உள்தள்ளலால் இஃப் நிபந்தனைக்கு உட்பட்டதுபோல் தோன்றினாலும் எப்போதும் இயங்கி, கையொப்பச் சரிபார்ப்பைத் தாண்டச் செய்தது. கண் பார்ப்பதும் கணினி படிப்பதும் வேறுபட்டதன் விளைவு அது. பைத்தானில் இரண்டும் ஒன்று.

ஆய்வகத்தில் நேரமில்லை, ஆசிரியரே திருத்தித் தருவது விரைவு என்பார்கள். விரைவுதான். ஆனால் வரியை நகர்த்துமுன் 'இங்கே இருந்தால் என்ன விடை வரும், அங்கே இருந்தால் என்ன வரும்?' என்று கேட்க ஒரு நிமிடம் போதும். பொதுத்தேர்வு எழுத்துத்தாளில் எடிட்டரும் கிடையாது, பிழைச் செய்தியும் கிடையாது. மடக்கு எந்த வரியோடு முடிகிறது என்பதை மாணவர் பேனாவால் தாமே முடிவு செய்தாக வேண்டும்.