2008இல் தொடங்கும் கணக்கு

2024 ஏப்ரலில் யூனிலீவர் தன் சுற்றுச்சூழல் இலக்குகள் சிலவற்றைத் தளர்த்திக்கொண்டது. புதிய பிளாஸ்டிக்கின் பயன்பாட்டை 2025க்குள் பாதியாகக் குறைப்போம் என்றிருந்த வாக்கு, 2026க்குள் 30 விழுக்காடு என்று சுருங்கியது. உடனே ஒரு புலம்பல் கிளம்பியது: பால் போல்மன் இருந்திருந்தால் இப்படி நடந்திருக்குமா? அவர் நிறுவனத்தை நடத்திய 2009 முதல் 2018 வரையிலான காலம் வணிகப் பத்திரிகைகளிலும் மேலாண்மை வகுப்புகளிலும் ஏறக்குறைய பொற்காலமாகவே நிலைத்துவிட்டது. எனக்கு வழக்கு அந்தப் பொற்காலத்தோடுதான்.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். காலாண்டுக்கொருமுறை லாபத்தைக் காட்டிப் பங்குச்சந்தையைக் குளிர்விக்கும் வழக்கத்தைப் போல்மன் நிறுத்தினார். அதற்குத் துணிச்சல் வேண்டும். 2010 நவம்பரில் அறிவித்த நிலைத்த வாழ்வுத் திட்டத்தில் இலக்குகளை எண்ணோடும் ஆண்டோடும் சொன்னார். தவறிய இலக்குகளும் அறிக்கைகளில் இடம்பெற்றன. சோப்பு விற்பதற்காகவே என்றாலும், கை கழுவும் பழக்கம் கோடிக்கணக்கான பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்தது. நம் நிறுவனச் சட்டத்தின் 135ஆம் பிரிவோடு ஒப்பிட்டால் இதன் அருமை இன்னும் தெரியும். முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவழி என்கிறது சட்டம். அந்த லாபம் எப்படி வந்தது என்று அது கேட்பதில்லை. போல்மனின் திட்டம் அதையும் கேட்டது.

ஆனால் எந்த ஆண்டிலிருந்து கேட்டது? திட்டத்தில் ஆலைகளுக்கான இலக்குகளின் அடிப்படை ஆண்டு 2008. ஆலைகளின் தண்ணீர், கரியமில வாயு, கழிவு எல்லாமே 2008இன் அளவோடு ஒப்பிட்டுத்தான் கூடியதாகவோ குறைந்ததாகவோ காட்டப்பட்டன. அளப்பதற்கு ஏதோ ஓர் ஆண்டு வேண்டும் என்பது சரி. ஆனால் சித்திரையில் புதுக்கணக்குப் போடும் மளிகைக்கடைக்காரர்கூடப் பழைய பாக்கியை முதல் பக்கத்தில் ஏற்றிவிட்டுத்தான் மேலே எழுதுவார். யூனிலீவரின் பேரேட்டில் அந்த முதல் பக்கம் இல்லை.

இருந்திருந்தால் அதில் கொடைக்கானல் இருந்திருக்கும். அமெரிக்காவின் வாட்டர்டவுனில் ஓடிய பழைய தெர்மாமீட்டர் ஆலையைப் பாண்ட்ஸ் நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் கழற்றிக்கொண்டுவந்து பாம்பார் சோலைக்கு மேலே நிறுவியது. பாண்ட்ஸை யூனிலீவர் வாங்கியபோது ஆலையும் கைமாறியது. 2001 மார்ச்சில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி மூஞ்சிக்கல் பகுதியின் பழைய இரும்புக்கடையில் குவிந்து கிடப்பதை ஊர்க்காரர்களும் சூழலியல் அமைப்பினரும் அம்பலப்படுத்தினார்கள். அதன் பிறகே ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்குத் திரும்பிப் போனது. மண்ணில் இறங்கியது அங்கேயே இருந்தது. கொடைக்கானல் ஏரியின் நீரிலும் மீனிலும், மரத்துப் பாசியிலும் பாதரசம் இருப்பதை அணுசக்தித் துறையின் ஹைதராபாத் ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அதே ஆண்டில் முன்னாள் தொழிலாளர்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். தங்கள் உடல்நலக் கேடுகளுக்கு ஆலைதான் காரணம் என்றார்கள்; இல்லவே இல்லை என்றது நிறுவனம்.

2015 ஜனவரியில் யூனிலீவர் ஒரு சாதனையை அறிவித்தது: உலகெங்குமுள்ள தன் 240க்கும் மேற்பட்ட ஆலைகளிலிருந்து இனிக் குப்பைமேட்டுக்குக் கழிவே போகாது. கைத்தட்டலில் காதில் விழாமல் போன ஓர் அடைமொழி அந்த அறிவிப்பிலேயே இருந்தது. அது அபாயமற்ற கழிவுக்கான கணக்கு. பாதரசம் அதில் வராது. மூடிய ஆலையும் வராது. பொய் என்று யாரும் சொல்லிவிட முடியாதபடி ஒவ்வொரு சொல்லும் சரியாக இருந்தது. பொய்யறிக்கையைக்கூட மன்னிக்கலாம், என்றாவது பிடிபடும். இதைப் பிடிக்க வழியே இல்லை.

அந்த ஜூலையில் சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரஃபின் ராப் பாட்டு வந்து, கொடைக்கானல் விவகாரத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. இரண்டே மாதத்தில், செப்டம்பரில், ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 'பூமியின் சாம்பியன்' விருதைப் போல்மனுக்கு வழங்கியது. விருதுக்குழு பார்த்தது திட்டத்தின் ஆவணங்களை மட்டுமாக இருக்கலாம். அந்த ஆவணங்களில் பாம்பார் சோலைக்கு இடமே இல்லாதபோது, குழுவுக்கு என்ன தெரிந்திருக்கும்?

போல்மனை ஆதரிப்பவர்களின் பதில் எனக்குத் தெரியும். ஆலையை நிறுவியது பாண்ட்ஸ். தவறு வெளிப்பட்டதும் நிறுவனமே அதை மூடியது. கழிவையும் திருப்பி அனுப்பியது. மண்ணைச் சுத்தம் செய்ய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோடு பேசிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஆலை ஓடிய காலத்தில் பெரும்பகுதி, ஏறத்தாழ 14 ஆண்டுகள், அது யூனிலீவர் குழுமத்தின் கையில் இருந்தது. மண்ணைச் சுத்தம் செய்வதற்கு ஏற்கப்பட்ட அளவோ, கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம்வரை விட்டுவைக்கலாம் என்பது. பிரிட்டனில் குடியிருப்பு நிலத்துக்கு என்ன அளவோ அதையே இங்கும் கொடு என்று சூழலியலாளர்கள் கேட்டார்கள். உலகம் முழுவதற்கும் ஒரே திட்டம் என்று பெருமை பேசிய நிறுவனத்திடம் இதைவிட நியாயமான கேள்வியை யார் கேட்டுவிட முடியும்? எடுப்பதைவிடக் கூடுதலாகத் திருப்பித் தருவதே தொழிலின் அறம் என்று போல்மன் 2021இல் இணையாசிரியரோடு சேர்ந்து ஒரு புத்தகமே எழுதினார். எடுத்ததைக் கணக்கில் கொண்டுவராதவரை, கூடுதல் என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாடு ஏற்பட்டது. ஆலை மூடி 15 ஆண்டுகள், வழக்குத் தொடுத்துப் பத்து. நிறுவனம் அந்தப் பணத்தை இழப்பீடு என்று சொல்லவில்லை. கருணைத்தொகை என்றது, வாழ்வாதார மேம்பாட்டுக்கும் திறன் வளர்ப்புக்குமான உதவி என்றது. சமூகப் பொறுப்பு என்ற பேச்சைப் பற்றி நான் நெடுங்காலமாகச் சொல்லிவரும் குறை இங்கே முழு உருவில் நிற்கிறது. நீதிமன்றத்தில் உரிமை கேட்டு நின்ற தொழிலாளி, ஒரு கையெழுத்தில் நலத்திட்டப் பயனாளி ஆகிவிட்டார். கடன்பட்டவர் கொடையாளி ஆகிவிட்டார். சமூகப் பொறுப்பு என்ற மொழி புழக்கத்தில் இல்லாத காலமாக இருந்திருந்தால், நிறுவனம் வழக்கில் தோற்றிருக்க வேண்டும் அல்லது வென்றிருக்க வேண்டும். இந்த மொழி அதற்கு மூன்றாவது வழி ஒன்றைத் திறந்துவிட்டது.

ஷாம்பு ஒரு முறை தேய்த்துக் குளித்தால் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு கழிவு என்றெல்லாம் கணக்கிட்டு ஆண்டுதோறும் வெளியிட்ட நிறுவனம் இது. அந்த 591 பேருக்கு எவ்வளவு கொடுத்தது என்பதை அது வெளியிடவில்லை.